நம் லிங்க்கை அன்று யாரும் மூடவில்லை

அன்பு ஜெசி,

நீ இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. மதியச் சாப்பாட்டு மணி அடித்து டப்பாவைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பேன். நீயும் பாதியிலேயே குறுக்கே பேசி, முடிவை நீயே சொல்லியிருப்பாய்.

பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார் தமிழம்மா. உயிரோடு இல்லாதவர்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். “எழுது. ஆனா அழுகாச்சியா எழுதிக்கிட்டு வராத. அவளுக்கே பிடிக்காது” என்றார். ஆகவே இதில் பெரும்பாலும் செய்திகள்தான் இருக்கும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் திரும்பச் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே.

முதல் செய்தி இது. உன் அம்மாவின் தையல் மெஷினை விலைக்குக் கேட்டு ஆள் வந்தது.

நீ போன பிறகு பிலோமிம்மா ஒரு ஜாக்கெட்கூடத் தைக்கவில்லை. வெட்டி வைத்திருந்த துணிகளையெல்லாம் அப்படியே மடித்து, உரியவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரைக்குடி செக்காலை வீட்டின் முன்னறைக் கதவு மூடியே இருந்தது. சிவகங்கைக்கு வீடு மாற்றிவிடலாம் என்றார் உன் அப்பா. அவருடைய அலுவலகம் அங்கேதான், தினமும் பஸ்ஸில் அலைய வேண்டாம். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. “அந்த மெஷினு சும்மா கெடக்குறதப் பாக்க முடியலம்மா. வீடே நின்னு போன மாதிரி இருக்கு” என்று என்னிடம் சொன்னார்.

கழனிவாசலில் புதிதாகத் தையல் கடை போடப்போகும் ஓர் அக்கா வந்து மெஷினைப் பார்த்தார். மிதித்துப் பார்த்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். சரி என்று வாக்குக் கொடுத்தது உன் அப்பாதான், பிலோமிம்மா வாசலைக் கூட்டப் போய்விட்டார்.

எனக்குத்தான் அது போகக் கூடாது என்று இருந்தது. மெஷின் போனால் நம் லிங்க்குக்கு வேலையில்லாமல் போகும் என்பதாலா? பிலோமிம்மா வேறு எந்த வேலையிலும் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை என்பதாலா? இரண்டுமாகத்தான் இருக்கும்.

லிங்க்கின் கதையை மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீ உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தபோது, வகுப்பை அங்கிருந்தே பார்க்கலாம் என்றார் கம்ப்யூட்டர் மிஸ். ஆனால் உங்கள் வீட்டு போனில் எந்த ஆப்பும் ஏறவில்லை. இடமில்லை என்றது. தெருவில் போகிற ஆட்டிலிருந்து மாதா கோவில் தேர் வரை நீ எடுத்த படங்கள் அத்தனையும் அதில் அடைந்து கிடந்தன. ஒன்றையும் அழிக்க மாட்டேன் என்றாய். மிஸ் ஒரு லிங்க் அனுப்பினார். தொட்டதும் பிரவுசரிலேயே வகுப்பு தெரிந்தது. கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்டது, கொடுத்தாய், அவ்வளவுதான். எதையும் இறக்க வேண்டாம், எந்தக் கணக்கும் தொடங்க வேண்டாம்.

“ஏய் புள்ள, இதுல யாவாரம் இருக்கு” என்று அன்று சாயங்காலமே நீ சொன்னாய்.

எனக்குப் புரியவில்லை. படித்தால்தான் எனக்கு எதுவும் புரியும் என்பது உனக்குத் தெரியும். நூலகத்துக்குப் போனேன். பேச்சையும் படத்தையும் அனுப்பும் ஏற்பாடு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, இரண்டு போன்களையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைப்பதுதான் நம் பக்கத்தின் வேலை, அதற்குப் பிறகு பெரும்பாலும் அவை நேரடியாகவே பேசிக்கொள்ளும், நேரடி வழி கிடைக்காதபோது மட்டும் நடுவில் ஒரு சர்வர் வேண்டும் என்றெல்லாம் குறிப்பெடுத்து வந்து வாசித்துக் காட்டினேன். நீ கொட்டாவி விட்டாய். “அதெல்லாம் சரி. யாருக்கு விப்ப?” என்றாய்.

அதை நீ ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாய். ஒரு காலத்தில் உங்கள் வாசலில், ஜாக்கெட் தைத்துத் தரப்படும் என்ற பலகையில், பிலோமிம்மாவின் போன் நம்பரும் இருந்தது. யார் யாரோ அதைக் குறித்துக்கொண்டு போனார்கள். காலையில் பூப்படம் வரும், ராத்திரி ‘சாப்டாச்சா’ என்று வரும். பிலோமிம்மா நம்பரின் மேல் பெயின்ட் அடித்துவிட்டார். நம்பர் போனதும் வெளியூர் வாடிக்கையும் போயிற்று.

“லிங்க்ல நம்பரே இல்ல பாரு. வாரவுக வாசல்ல நின்னு பெல் அடிக்கிற மாதிரி. நம்ம தொறந்தாத்தான் உள்ள. வேல முடிஞ்சா மூடிக்கிறலாம். மறுபடி பெல் அடிக்காம உள்ள வர முடியாது” என்றாய் நீ.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெறும் பேச்சுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள், அது எங்கேயும் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் நம்பர் கொடுக்கத் தயங்கி எவ்வளவு வாடிக்கையை விட்டிருப்பார்கள்? அவர்களுக்குத் தேவை தாங்களே திறந்து தாங்களே மூடும் ஒரு வாசல். அதற்குப் பணம் தருவார்கள். அதோடு நீ நிற்கவில்லை. பழைய மரச்சாமான் கடைக்காரர், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்காரர், சிவகங்கை வக்கீல் என்று அடுக்கிக்கொண்டே போனாய். ஒரு வார்த்தை கேட்க வக்கீலிடம் பஸ் ஏறிப் போகிறவர்கள் அங்கே அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை உன் அப்பா சொல்லிக் கேட்டிருந்தாய்.

இணையத்தில் கிடைத்த இலவச மாதிரியை வைத்துக்கொண்டு, மிஸ்ஸிடம் கேட்டுக் கேட்டு, நம் பக்கத்தைச் செய்தோம். ஒரு மணி, ஒரு படம், கீழே சிவப்புப் பொத்தான். நாமாகச் சேர்த்தவை இரண்டு. கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால் அழைப்பு தானாக மூடிக்கொள்ளும், டேட்டா வீணாகாது. அது என் யோசனை. மூடியதும் பூங்கொத்துப் படத்தோடு ‘நன்றி! மீண்டும் வருக!’ என்று வரும். அது உன் யோசனை. “யாவாரம்னா ஒரு மரியாத வேணாமா?” என்றாய். பள்ளிக் கண்காட்சிக்கு உன்னால் வர முடியவில்லை, லிங்க் வழியாக வந்தாய். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பூங்கொத்தைத்தான் பாராட்டினார்கள் என்று நினைவிருக்கிறதா?

இனி நீ அறியாத கதை.

மெஷினைப் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் எங்கள் வீட்டு போனில் நம் மணி அடித்தது. பிலோமிம்மா பக்கத்தைத் திறப்பதே இல்லை என்பதால் மணியை என்னிடம் வரும்படி திருப்பி வைத்திருந்தேன். அழைத்தவர் கோலாலம்பூரில் மகன் வீட்டில் இருக்கும் தெய்வானை ஆச்சி. பல வருடமாக உன் அம்மாவிடம் தைத்துக்கொள்பவர். பழைய துணிப்பையில் நாம் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்தைப் பார்த்து அழைத்திருக்கிறார்.

“நீ சிவகாமிதான? பிலோமி எப்புடி இருக்கா? எல்லாம் கேள்விப்பட்டேன். வர முடியாமப் போச்சு” என்றார். பிறகு, மகள் உமையாளுக்குத் தை மாதம் இங்கே கல்யாணம் என்றார்.

எனக்கு அவசரம். “ஆச்சி, பொண்ணு வீட்டுக்காரவுக எல்லாருக்கும் ஜாக்கெட்ட அம்மாட்டயே குடுங்க. இதுலயே அளவு பாத்துக்கிறலாம்.”

“கிறுக்குப் புள்ள. துக்கம் கேக்காம கல்யாணத்துக்கு அளவு குடுப்பாகளா? மொதல்ல நான் பிலோமிய வந்து பாக்கணும். ஊருக்கு வர மார்கழி ஆயிரும்.”

மார்கழிக்குள் மெஷின் கழனிவாசலுக்குப் போயிருக்கும். அதைச் சொன்னேன்.

“இந்த லிங்க்லயே வந்து கேளுங்க ஆச்சி.”

“அப்புடிக் கேக்கலாமாடி?”

“தெரியலங்க ஆச்சி.”

நிஜமாகவே தெரியவில்லை. நூலகத்திலும் அதற்குப் பதில் இருந்திருக்காது.

பிலோமிம்மாவிடம் போய், “ஆச்சி துக்கம் கேக்க வாராக” என்றேன்.

“போனுக்குள்ளயா?”

“ஆமா.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. துக்கம் கேட்க வருகிறவரை வராதே என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை, எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டிலும் இல்லை. நானும் அதை நம்பித்தான் போனேன். முன்னறைக் கதவைத் திறந்து கூட்டினார். பாய் விரித்தார். வேறு போன் இல்லை, உன் படங்கள் அடைந்து கிடக்கும் அதே வீட்டு போன்தான். இன்றைக்கும் அதில் ஓர் ஆப்கூட ஏறாது. உன் படங்களில் ஒன்றை அழிக்கக்கூட அவர் விடமாட்டார். பிரவுசர் மட்டும் திறக்கும். அதைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்தேன்.

ஆச்சி வந்தார். வெளிர் நிறச் சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிலோமிம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். துக்கம் கேட்பதில் பாதி, பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான். எத்தனை வீடுகளுக்கு அம்மாவோடு போயிருக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பக்கத்தை எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

படம் சட்டென்று மறைந்தது. பூங்கொத்து வந்தது. ‘நன்றி! மீண்டும் வருக!’

துக்க வீட்டில் வந்தவரை வாங்க என்று வரவேற்க மாட்டார்கள். போகிறவரும் போயிட்டு வாரேன் என்று சொல்லாமல், எழுந்து அப்படியே போய்விட வேண்டும். மறுபடி வருவது என்றால் மறுபடி ஒரு சாவுக்கு வருவது என்று ஆகிவிடும். அந்த வீட்டில், உன் அம்மாவின் முன்னால், நம் பக்கம் பூங்கொத்தோடு மீண்டும் வருக என்கிறது.

பிலோமிம்மா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “துக்கம் கேக்க வந்தவுகள மறுபடியும் வாங்கங்குதா?” என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். தானாக மூடுவதையும் எடுத்தேன், பூங்கொத்தையும் எடுத்தேன். எடுத்து முடிக்கும்போதே மணி அடித்தது. ஆச்சிதான். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு திறந்தேன்.

“ஏண்டி, பூச்செண்டு குடுத்து அனுப்புறியே, நான் என்ன மந்திரியா?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. “இந்தா, கேளு. நான் இன்னும் கேட்டு முடிக்கல. பிலோமிட்டப் போயிச் சொல்லு, ஆச்சி திரும்ப வரல, எந்திரிச்சுப் போகவே இல்ல, இன்னும் உள்ளதான் உக்காந்திருக்காகன்னு.”

அப்படியே போய்ச் சொன்னேன். பிலோமிம்மா அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி முன்னறைக்கு வந்தார். அந்தப் பதிலில் குற்றம் சொல்ல அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த முறை மௌனம் நீண்டது, எதுவும் மூடவில்லை. பிறகு ஆச்சி, “பிலோமி, ஒரு நா நான் வந்திருந்தப்ப ஒம்மவ, ‘ஆச்சி, ஒங்க கழுத்தளவு எனக்கு மனப்பாடம், அம்மாட்டக் கேக்க வேணாம்’னு சொன்னா. சொல்லிட்டுத் தப்பாச் சொன்னா” என்றார். பிலோமிம்மா சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையானது. ஆச்சியும் அழுதார். தமிழம்மா சொன்னபடி இந்த இடத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

பிறகு ஆச்சி எழுந்தார். முறைப்படி ஒன்றும் சொல்லவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்து, படத்தை விட்டு வெளியே போய்விட்டார். போனை அணைக்கவில்லை. அதைத் தொட்டு மூடுவது, போகிறேன் என்று சொல்வதுபோல அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பிலோமிம்மாவும் மூடவில்லை. துக்கம் கேட்டவரின் முதுகுக்குப் பின்னால் யார் கதவைச் சாத்துவார்கள்? சிவப்புப் பொத்தானை நான் தொடலாமா என்று யோசித்தேன். தொடவில்லை.

அப்படியே இரண்டு வீடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தன. எங்களுக்கு ஒரு காலி நாற்காலி தெரிந்தது, ஒரு சன்னல், அதற்கு வெளியே உயரமான கட்டடங்கள். அங்கே குக்கர் விசில் அடித்தது. யாரோ செருப்பைத் தேடினார்கள். பிலோமிம்மா முகத்தைக் கழுவிவிட்டு அரிவாள்மனையையும் அவரைக்காயையும் எடுத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போகாமல் முன்னறை நிலைப்படியிலேயே உட்கார்ந்தார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒன்றும் படிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்கு உமையாள் அக்காவும் அவருடைய அண்ணியும் வந்தார்கள். லிங்க் திறந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. அங்கே தைத்து வந்திருந்த ஒரு பட்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கையத் தூக்க முடியல அண்ணி.”

“எதுக்குத் தூக்கணும்? கொடியா ஏத்தப் போற?”

“மால போட வேணாமா?”

“மாப்பிள்ளையக் குனியச் சொல்லு. இப்பவே பழகிக்கிறட்டும்.”

பிலோமிம்மாவின் கையில் அவரைக்காய் அப்படியே நின்றது. “கைக்குழி ஏறிப்போச்சு, அக்குளப் பிடிக்குது” என்று தனக்குத்தானே சொன்னார். அண்ணி ஒரு ஊக்கை எடுத்துத் தோளில் குத்தினார். பிலோமிம்மா எழுந்து மெஷின் பக்கம் வந்தார். இன்னொரு ஊக்கு. அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

“ஏம்மா, அந்த ஊக்க எடுத்துருங்க! தோளுல ஒண்ணும் இல்ல. அக்குளுக்குக் கீழ உள்தையல்ல துணி விட்டிருக்காகளான்னு பாருங்க.”

“ஆத்தாடி!” என்று இரண்டு பேரும் துள்ளினார்கள். “யாரு? எங்கேருந்து?”

“காரைக்குடிலேருந்துதான். பயப்படாதீக. உமையா, கொஞ்சம் இங்குட்டுத் திரும்பும்மா. அங்குட்டு இல்ல, சன்னல் பக்கம்.”

உமையாள் அக்கா தன் படத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துத் திரும்பினார். கேமரா நம் படத்தை நமக்குக் கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டும் அல்லவா? ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கமே போனார். “ஒங்க மகள நாளைக்கு மணவறையச் சுத்தவிட்டா இப்புடித்தான் சுத்துவா போலருக்கு, அத்த!” என்று அண்ணி உள்ளே பார்த்துக் கத்தினார். பிலோமிம்மா சிரித்தார். நான் சொன்னேனே, வாய்விட்டு, அந்தச் சிரிப்பு.

சத்தம் கேட்டு ஆச்சி வந்தார். நிலைமையைப் பார்த்ததும் பதறினார். “பிலோமி, இன்னைக்கு இதெல்லாம் வேணாம். துக்கம் கேட்ட நாள்ல கல்யாணத் துணியப் பத்திப் பேசக் கூடாது. நாளைக்கு நல்ல நேரம் பாத்து வாரேன்.”

சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டார். வாரேன் என்று சொல்லிவிட்டார். நான் கணக்குப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிலோமிம்மா முந்தானையில் கையைத் துடைத்தார்.

“வாங்க ஆச்சி” என்றார். “அளவு ஜாக்கெட்ட எடுத்து வச்சிருங்க.”

அப்போதும் சிவப்புப் பொத்தானை யாரும் தொடவில்லை. அன்றைய டேட்டா தீர்ந்து படம் தானாகவே நின்றது.

மறுநாள் ஆச்சி சொன்னபடி வந்தார். துணி எவ்வளவு வாங்க வேண்டும், எந்த ஜாக்கெட்டுக்கு எந்தக் கழுத்து என்று பேச்சு நீண்டது. அளவு ஜாக்கெட்டுகளை ஊருக்கு வந்த உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அவற்றைப் பிரித்து மேசையில் பரப்பியபோது பிலோமிம்மா என்னிடம், “வெளக்கப் போடுடி” என்றார். நூல்கண்டு மாற்றினார். எண்ணெய் விட்டார். மிதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கழனிவாசல் அக்கா வண்டியோடு வந்தார். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் கோலாலம்பூர் அண்ணி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கோபம். “வாக்குக் குடுத்துட்டு இப்புடிச் செய்யலாமா? வண்டி வாடகை யார் குடுப்பா?” என்றார். நியாயமான கோபம்தான். உன் அப்பா வாடகையைக் கொடுத்தார். பிலோமிம்மா அந்த அக்காவை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, நல்ல மெஷின் எங்கே கிடைக்கும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னார். அக்கா கடைசியில் தன் புதுக் கடைக்கும் ஒரு லிங்க் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். சிவகங்கை வீட்டைப் பற்றி உன் அப்பா இப்போது பேசுவதில்லை. விடியற்காலைப் பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்.

தொழில் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஆச்சி துக்கம் கேட்ட அன்று எனக்கு ஒன்று தெரிந்தது. பேசுவதற்கு என்றுதான் நாம் அந்தப் பக்கத்தைச் செய்தோம். ஆனால் ஆச்சி வீட்டு வேலையைக் கொண்டுவந்தது, பேச்சு முடிந்த பிறகும் திறந்து கிடந்த நேரம். வாடிக்கையாளர் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அடுத்ததைக் கேட்கிறார். அதைப் பிரவுசரிலும் கொடுக்க முடியும், ஒரு பக்கத்தை மூடாமல் ஓர் ஓரமாக விட்டுவைத்தால் போதும். டேட்டாவை மிச்சப்படுத்த, யாரும் பேசாதபோது படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி மாற்றியிருக்கிறேன். மிஸ் உதவினார்.

ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் இதைக் காட்டினேன். கோயம்புத்தூரில் வீடு கட்டுகிற ஒருவர் தன் வீட்டுத் தரைக்கற்கள் வார்ப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே அலுவலக வேலையும் செய்கிறாராம். “மேல நின்னு பாக்குற மொதலாளிகூட இவ்ளோ நேரம் நிக்க மாட்டாரு” என்று பட்டறையில் சலித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் பூ மாதிரியை நடுவில் மாற்றச் சொன்னபோது, மீதிக் கற்களை வார்ப்பதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது. சிவகங்கை வக்கீலோ நேர் எதிர். “பேசி முடிச்சா மூடிரணும்மா. இல்லாட்டி அடுத்த கட்சிக்காரன் பேசுறது இவனுக்குக் கேக்கும்” என்றார். அவருக்காக என் பழைய ஏற்பாட்டைத் திரும்ப வைத்தேன், பூங்கொத்து இல்லாமல். வழக்குக்கு வந்தவரையும் மீண்டும் வருக என்று சொல்லக் கூடாதாம்.

ஆகவே இப்போது நம் பக்கம் ஒவ்வொரு கடைக்காரரிடமும் முதலிலேயே ஒன்று கேட்கிறது: உங்கள் இடத்தில் வந்தவர் எப்படிப் போவார்? பெரிய நிறுவனக்காரர்கள் யாரும் இதைக் கேட்பதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே பொத்தான்தான் வைக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இடம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்வாய்? “யாருக்கு விப்ப?” என்பாய். இந்த முறை என்னிடம் பதில் இருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. கல்யாண ஜாக்கெட்டுகள் எல்லாம் முடிந்து, பொத்தான் காஜா வேலை மட்டும் மிச்சம். கல்யாணத்துக்கு லிங்க்கிலேயே அழைக்க ஆச்சிக்கு மனமில்லை. “அழைப்ப மட்டும் நேர்ல வந்துதான் வைப்பேன்” என்று சொல்லியிருக்கிறார். பிலோமிம்மாவோ, “நான் எதுக்குடி? தச்சுக் குடுத்தாச்சுல்ல, போதும். அங்க வந்து நின்னா எல்லாரும் என்னயத்தான் பாப்பாக” என்கிறார். உன் வருட பூசை அதற்குள் முடிந்துவிடும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பிலோமிம்மா பயப்படுவது பூசையைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். மணவறையில் ஒரு பெண்ணைப் பார்ப்பதைப் பற்றி.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ஜெசி. கல்யாணத்தன்று காலையில் நான் உங்கள் வீட்டுக்குப் போவேன். வாங்க என்று கூப்பிட மாட்டேன், கெஞ்சவும் மாட்டேன். முன்னறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவர் எழுந்து சேலை மாற்றப் போகும் வரை உட்கார்ந்திருப்பேன். எழவில்லை என்றால் மதியம் வரைக்கும், சாயங்காலம் வரைக்கும். பேசாமல் ஒருவரோடு உட்கார்ந்திருக்க எனக்கு இப்போது தெரியும்.

அக்கா என்று கூப்பிடு என்று நீ கேட்டபோதெல்லாம் நான் ஒப்புக்கொள்ளாத அந்த உறவில்,
உன் தங்கை
சிவகாமி